முப்பதாவது படிவம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பெட்டி பெட்டியாகத்தான் கிடைத்தது.

அடையாறில் ஒரு சந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பிஎச்.டி. ஆய்வேடுகளைப் பக்கம் அமைத்து, அச்சடித்து, கெட்டி அட்டை போட்டுக் கொடுப்பது கடையின் தொழில். கதை எழுதுவது என்னுடைய பக்கத்தொழில். இரண்டு தொகுதி வந்திருக்கிறது. வாங்கிய அத்தனை பேரையும் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

போன ஜூனில் ஒரு பெண் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆங்கில ஆய்வேட்டைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போனாள். தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘கறிக்கோழிகளைக் கன உலோக நச்சிலிருந்து காப்பதில் முருங்கை இலை, கொத்தமல்லிச் சாறுகளின் பங்கு.’ நன்றியுரையின் கடைசி வரி மட்டும் தமிழ். எழுத்துரு ஒத்துக்கொள்ளாமல் அந்த வரி என் திரையில் வெற்றுப் பெட்டிகளாக வரிசைகட்டி நின்றது. போன் போட்டேன்.

“மேடம், கடைசி வரி பெட்டி பெட்டியா வருது. என்ன வரி அது?”

“‘முப்பதாவது படிவத்துக்கு நன்றி’ சார்.”

“படிவத்துக்கா? யார் பேராவது விட்டுப்போச்சா?”

அவள் சிரித்தாள். “இல்ல சார், படிவத்துக்குத்தான். ரெண்டு ஒன்பது சார் அதுல! பஸ் வந்துடுத்து, வச்சுடறேன்.”

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிறகு ஆய்வேட்டை முழுக்கப் படித்தேன். 171ஆம் பக்கத்தில் முப்பது பேர் கலந்துகொண்ட ஒரு சுவைச் சோதனை இருந்தது. நன்றியுரையில் சில பெயர்கள் இருந்தன. அவற்றை மாற்றிவிட்டேன். மீதியெல்லாம் என் அடுப்பில் வெந்தது.

2

எங்கே தொடங்குவது என்று நான்கு நாள் தவித்தேன்.

(‘மயிலாப்பூர்க் குளத்தின் படிகளில் மாலை வெயில் மெல்லச் சரிந்துகொண்டிருந்தபோது, ஹம்சினி ஒரு கோழியின் ஈரலைப் பற்றி’ – வேண்டாம். குளத்தையும் ஈரலையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்தால் இரண்டுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.)

(‘ஈயம் எங்கும் இருக்கிறது. தண்ணீரில், தீவனத்தில், தூசியில்’ – இது ஆய்வேட்டின் முதல் பக்கம். திருடக் கூடாது.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஹம்சினிக்குப் பதினாறு நாள் இருந்தது.

அதற்குமுன் நான்கு வருஷம் பாடுபட்டிருந்தாள். முருங்கை இலையையும் கொத்தமல்லியையும் நிழலில் உலர்த்திப் பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்து, வற்றவைத்துக் கரும்பச்சையாக ஒரு விழுது எடுத்தாள். கோழிக்குஞ்சுகளை நான்கு அடைப்பாகப் பிரித்தாள். முதல் அடைப்புக்கு வெறும் தீவனம். இரண்டாவதற்குத் தண்ணீரில் ஈயம். மூன்றாவதற்கு ஈயமும் விழுதும். நான்காவதற்கு விழுது மட்டும். நாற்பத்திரண்டாம் நாள் ஈரலை எடுத்துச் சோதித்தபோது, ஈயத்தோடு விழுதும் சாப்பிட்ட கோழிகளின் ஈரலில் ஈயம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அன்று அவள் கைதட்டிய சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்து பார்த்தார்கள்.*

* ஆய்வேட்டில் கைதட்டல் கிடையாது. ஓர் அட்டவணைதான் இருக்கிறது. ஆனால் அதில் மூன்றாவது வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாள். கைதட்டல் அதுதான்.

எல்லாம் முடிந்து ஆய்வேட்டைக் கொடுத்தபின், தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பினார். ‘இந்தச் சாறு சாப்பிட்டு வளர்ந்த கோழியின் கறி கசக்குமா? சுவைச் சோதனை செய்து பதினாறு நாளுக்குள் அனுப்பவும்.’ நியாயமான கேள்வி. கசக்கிற கோழியை எந்தப் பண்ணைக்காரரும் வளர்க்க மாட்டார். கசந்தால் நான்கு வருஷமும் குப்பைக்கூடைக்குப் போகும்.

ஹம்சினிக்குப் பதில் தெரியாது. அவள் பிறந்ததிலிருந்து கோழி சாப்பிட்டதில்லை.

3

இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. மயிலாப்பூர்ப் பெண், சைவச் சாப்பாடு, கோழி ஆராய்ச்சி. கதைக்காரன் தன் வசதிக்குச் செய்துகொண்ட பொம்மை மாதிரி இல்லையா? அவளைக் கோழி சாப்பிடுகிறவளாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு துண்டைத் தின்றாள், கசக்கவில்லை, சுபம். கதை மூன்றாவது வரியில் முடிந்துவிட்டது. அதனால் பழையபடியே சைவமாக்கினேன்.

அவளுடைய அம்மா விஜயலக்ஷ்மி, சொந்தக்காரர்களிடம் “என் பொண்ணு கீரையில ஆராய்ச்சி பண்ணிண்டிருக்கா” என்றுதான் சொல்லுவாள். பொய் இல்லை. கோழியைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். ஈயத்தின்மேல் பெண்ணுக்கு ஏற்பட்ட பகை சமையலறைவரைக்கும் வந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, இந்த ஈயச்சொம்புல இனிமே ரசம் வைக்காதே. லேப்ல டெஸ்ட் பண்ணிட்டு வரேன்.”

“அது வெள்ளீயம்டி! நீ சொல்ற ஈயம் வேற. இருபத்தெட்டு வருஷமா அந்த ரசத்தைக் குடிச்சுண்டுதானே இவ்வளவு படிச்சிருக்கே?”

சொம்பு பையில் ஏறி ஆய்வுக்கூடம் போய்த் திரும்பியது. கெட்ட ஈயம் இல்லை. அதன்பின் ஒரு வாரம் விஜயலக்ஷ்மி ரசம் ஊற்றும்போதெல்லாம், “தைரியமா விட்டுக்கோ, பாஸ் பண்ண சொம்பு” என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

4

சுவைச் சோதனைக்கு விதிகள் உண்டு. கறியை உப்பு மட்டும் போட்டு வேகவைக்க வேண்டும். எல்லாத் துண்டும் ஒரே அளவு. தட்டில் கோழியின் விவரம் இருக்கக் கூடாது, மூன்று இலக்க எண் மட்டும் இருக்கும். இரண்டு தட்டுக்கும் நடுவில் வாய் கொப்பளிக்க வேண்டும். பிறகு ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மதிப்பெண். சாப்பிடுகிறவர் சமைத்தவரின் முகத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் மதிப்பெண் கோணலாகிவிடும்.

(வாசகர் பயப்பட வேண்டாம். ஈயம் குடித்த கோழிகள் நேரே எரிஉலைக்குப் போய்விட்டன. சோதனைக்கு வருவது முதல் அடைப்பும் நான்காம் அடைப்பும்தான்: வெறும் தீவனக் கோழியும், விழுது மட்டும் சாப்பிட்ட கோழியும்.)

கல்லூரியின் சோதனை அறையில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் கஸ்தூரிரங்கன், “வெளியில எங்கேயாவது வச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டார். ஹம்சினி முகம் வாடிப்போய்க் கோழி ஷெட்டுக்கு வந்து நின்றாள். அங்கே தீவனம் வைப்பவர் பாஞ்சாலி. ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டவர். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, கோழிகளை முதல் நாளிலிருந்து வளர்த்தவர் அவர்தான்.

“இன்னாமா ஹம்சா, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீற?”

“கோழி சாப்பிடறவங்க முப்பது பேர் வேணும்க்கா. ஒரு இடமும் வேணும்.”

“இதுக்கா? நொச்சிக்குப்பத்துல எங்க அக்கா வூடு கீது. அங்க வா. முப்பது இன்னா, முந்நூறு பேரு வருவாங்கோ. நானே ஆக்கித் தரேன்.”

“வெறும் உப்பு போட்டு வேகவைக்கணும்க்கா. வேற ஒண்ணும் கூடாது.”

“வேற ஒண்ணும்னா?”

“வேற ஒண்ணுமே.”

பாஞ்சாலி பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று ஹம்சினி எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ரோட்டோரத்தில் மீன் வியாபாரம் ஓய்ந்துகொண்டிருந்தது. ஹம்சினி படிவங்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. காரமாக, நெடியாக, மூக்கைப் பிடித்து இழுக்கிற வாசனை. ‘கோழி வெந்தால் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது. இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லவில்லையே’ என்று ஆச்சரியப்பட்டாள். அவளுக்குக் கோழியைத் தெரியும், அதன் ரத்தத்தைத் தெரியும், ஈரலின் எடையைத் தெரியும். சமையல் மட்டும் தெரியாது.

தட்டுகள் போயின. “நானூத்திப் பதினேழுக்கு இன்னா பரிசு?” என்று ஒருவர் கேட்டார். பாஞ்சாலி கரண்டியோடு ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, “நல்லா கீதா?” என்று விசாரித்தார். முப்பது படிவமும் வந்து சேர்ந்தன. 417க்கு ஒன்பது. 936க்கு ஒன்பது. எல்லாவற்றிலும் அப்படியே. கோதண்டபாணி என்ற மீனவர் மட்டும் ஒன்பதை அடித்துவிட்டுப் பத்து போட்டிருந்தார்.

5

திங்கட்கிழமை ஹம்சினி புகைப்படங்களைப் பேராசிரியரிடம் காட்டினாள். கஸ்தூரிரங்கனும் கோழியை நுண்ணோக்கியில் மட்டுமே பார்த்தவர். மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு உற்றுப் பார்த்தார். செக்கச்செவேலென்று மினுமினுக்கிற துண்டுகள். மேலே கறிவேப்பிலை.

“நிறம் நன்னா வந்திருக்கே. வேகவச்சா இப்படிச் செவந்துடும் போலருக்கு.”

“ஆமாம் சார், எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது.”

இரண்டு பேரும் மகிழ்ச்சியோடு தலையாட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் வஜீஹா ஏதோ இரவல் கேட்க உள்ளே வந்தாள். எட்டிப் பார்த்தாள்.

“என்ன இது?”

“வேகவச்ச கோழி.”

“எதுல வேகவச்சது?”

“உப்புத் தண்ணில.”

வஜீஹா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டுதான் சிரித்தாள். “ஹம்சினி, இது சுக்கா! மிளகாய், பூண்டு, மிளகு எல்லாம் இருக்கு. எங்க வீட்டுல பெருநாளைக்குக்கூட இந்தக் கலர் வராது!”

(இதை எழுதும்போது நானும் சிரித்தேன். முதலாளி திரும்பிப் பார்த்தார்.)

ஹம்சினிக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை மிளகாய்க்கு அடியில் வேப்பங்காய் கிடந்தாலும் நாக்குக்குத் தெரியாது. முப்பது ஒன்பதும் செல்லாது. உறைபெட்டியில் அடைப்புக்கு இரண்டு கோழி வீதம் நான்கே கோழிகள் மீதி. இன்னும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் காணும்.

6

இந்தப் பகுதியில் முதலில் மழை பெய்தது. ஷெட்டின் தகரத்தில் மழைத்துளிகள் தாளமிட, ஹம்சினி நனைந்துகொண்டே ஓடி – அடித்துவிட்டேன். ‘உங்கள் கதையில் மசாலா தூக்கல்’ என்று என் இரண்டாவது தொகுதிக்கு ஒரே ஒரு விமர்சனம் வந்தது. இந்தப் பகுதிக்கு உப்பு மட்டும்.

“அக்கா, மசாலா போட்டீங்களா?”

“போட்டேன்.”

“உப்பு மட்டும்னு சொன்னேனே!”

“சொன்ன. நான் சரின்னு சொன்னனா?” பாஞ்சாலி தீவன வாளியைக் கீழே வைத்தார். “எங்க அக்கா வூட்டுக்கு முப்பது பேரைக் கூப்ட்டு உக்காரவச்சு, உப்புத்தண்ணியில வெந்த கறிய நீட்டச் சொல்றியா? அப்பறம் அந்தத் தெருவுல நான் தலை நிமிந்து நடக்க வாணாமா? பாஞ்சாலி கைக்கு இன்னா கேடு வந்துச்சின்னு கேக்க மாட்டாங்கோ?”

“என் நாலு வருஷம் போச்சுக்கா” என்றாள் ஹம்சினி. அழுகை வந்துவிட்டது.

பாஞ்சாலிக்கு ஒன்றும் புரியவில்லை. “எல்லாரும் ஒம்போது போட்டாங்களேமா?”

“எனக்கு ஒன்பது வேணாம்க்கா. நிஜம் வேணும். நாலுன்னா நாலு. ரெண்டு தட்டுக்கும் ஒரே நாலா இருந்தா போதும்.”

“மோசமா கீதுன்னு சொன்னாக்கூட பாஸா?”

“ரெண்டும் ஒரே மாதிரி மோசமா இருந்தா பாஸ்.”

“இன்னா படிப்போ இது” என்றார் பாஞ்சாலி. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். அவருடைய முந்தானையில் தீவனத் தூசி. ஹம்சினிக்குத் தும்மல் வந்தது. தும்மியதில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பாஞ்சாலி தன் நிபந்தனையைச் சொன்னார். “நான் கை வைக்க மாட்டேன். நீயே ஆக்கு. அல்லாரு முன்னாடியும் நானே சொல்லிடறேன், இத்த நான் ஆக்கலன்னு. மார்க்கு போட்டு முடிஞ்சப்பறம் கடைக்கோழி வாங்கி நான் குழம்பு வக்கிறேன். வந்தவங்க நல்ல வாயோட வூட்டுக்குப் போவணும்.”

“எனக்குச் சமைக்கவே தெரியாதுக்கா.”

“அதுக்குத்தான் சொல்றேன். ஒன்னுது மாதிரி ஒரு சமையலுக்குத்தான் நிஜம் வரும்.”

7

வீட்டுப் பாத்திரம் எதையும் எடுக்க முடியாது. எனவே ஹம்சினி தி.நகர் போய், ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபட்டு, எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்று வாங்கினாள். “ஈயம் பூசினது இல்லையே?” என்று மூன்று தடவை கேட்டாள். “எவர்சில்வருக்கு யாரும்மா ஈயம் பூசுவாங்க?” என்று கடைக்காரர் மூன்று தடவை சொன்னார்.

அடுத்த ஞாயிறு. அதே வீடு. அடுப்புக்கு முன்னால் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் ஹம்சினி கையுறை மாட்டிக்கொண்டு, பாத்திரத்துக்குள் வெப்பமானியை விட்டு டிகிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதித்தது. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த முறை பெரிதாக ஒரு வாசனையும் வரவில்லை. வராததே நல்ல சகுனமாகப் பட்டது.

வெளியே பாஞ்சாலியின் குரல் தெருமுனைவரை கேட்டது. “அல்லாரும் கேட்டுக்கோங்க! இத்த நான் ஆக்கல! படிக்கிற பொண்ணு ஒண்ணு ஆக்கிக்கினு கீது. வாயில வச்சிப் பாத்து நிஜத்த எழுதுங்கோ. அப்பறமா என் குழம்பு கீது!”

இந்தத் தடவை எண்கள் 268, 751. தட்டுகள் திரைக்கு அடியில் வெளியே போயின. ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டார்கள். பிறகு ஆரம்பித்தது.

“இன்னாது இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடாட்டம் கீது!”

“ஒரு துண்டு தின்னதுக்கே வாய் மரத்துப்போச்சு நைனா.”

கோதண்டபாணி வெகுநேரம் மென்றார். “இந்தக் கோழி செத்தது வேஸ்ட்டு” என்று தீர்ப்புச் சொன்னார். “அந்தத் தட்டு எப்டி?” என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார். “அந்தக் கோழி செத்ததும் வேஸ்ட்டு.”

திரைக்குப் பின்னால் ஹம்சினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் திட்டத் திட்ட அவள் குதித்தாள். ஒருவர்கூடக் கசக்கிறது என்று சொல்லவில்லை. படிவங்கள் திரைக்கு அடியில் ஒவ்வொன்றாக வந்தன. மூன்று, மூன்று. நான்கு, நான்கு. ஐந்து, ஐந்து. மூன்று, நான்கு.

இருபத்தொன்பது படிவம்தான் வந்தது. முப்பதாவது ஆள் செந்தில்குமார், கோடம்பாக்கத்தில் ஷூட்டிங்கில் கூட்டத்தில் நிற்க ஆள் கேட்டார்கள் என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். முப்பது பேர் என்று எழுதிக்கொடுத்தாகிவிட்டது. ஹம்சினி கையைப் பிசைந்தாள்.

“நான் திங்கறேன்” என்றார் பாஞ்சாலி. எந்தத் தட்டில் எந்தக் கோழி என்று அவருக்கும் தெரியாது. அதனால் விதிப்படி தடையில்லை.

ஆனால் அவர் திரைக்கு வெளியே உட்காரவில்லை. புடவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஹம்சினியைப் பார்த்தார். நெற்றியில் ஒட்டிய முடி, ஆவியில் சிவந்த முகம், ஒரு விரலில் பொசுங்கிய கையுறை. பார்த்துக்கொண்டே 268ஐத் தின்றார். வாய் கொப்பளித்தார். 751ஐத் தின்றார். நிதானமாகப் படிவத்தை நிரப்பி, நான்காக மடித்துக் கொடுத்தார்.

ஒன்பது. ஒன்பது.

“அக்கா! நிஜத்தைத்தான் எழுதணும்னு சொன்னேனே!”

“நிஜத்தத்தான்மா எழுதிக்கிறேன்.”

குழம்புக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

8

கணக்கு அங்கேயே முடிந்தது. வஜீஹா மடிக்கணினியோடு வந்திருந்தாள். (குழம்புக்காகத்தான் வந்தேன் என்று வெளிப்படையாகவே சொன்னாள்.) இருபத்தொன்பது படிவங்களின் சராசரி: வெறும் தீவனக் கோழிக்கு 3.8, விழுதுக் கோழிக்கு 3.9. முப்பதாவது படிவத்தையும் சேர்த்தார்கள். இரண்டுமே கொஞ்சம் ஏறின. 4.0. 4.0.

நாலுன்னா நாலு.

‘இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.’ ஆய்வேட்டு மொழியில் இதைவிட ஆனந்தமான வாக்கியத்தை நான் தட்டச்சு செய்ததில்லை. ஹம்சினி பேராசிரியரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள். “சார், நாலு! ரெண்டும் நாலு!”

“எத்தனைக்கும்மா?”

“ஒன்பதுக்கு சார்!”

“பேஷ்! பேஷ்!” என்று கஸ்தூரிரங்கன் கத்தியது கோதண்டபாணிக்குக்கூடக் கேட்டது. தன் சமையல் மட்டம் என்று தெருவே சொன்னதற்கு ஒரு பெண் இப்படித் துள்ளுவதைப் பார்த்து, குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் காரணம் தெரியாமல் கைதட்டினார்கள்.

(‘அப்போது ஹம்சினி மெல்ல ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில்’ – இல்லை. நீங்கள் எதிர்பார்த்தீர்கள் என்று தெரியும். அவள் சாப்பிடவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைப் பாஞ்சாலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பாஞ்சாலி அதில் ஒரு வாய் வாங்கித் தின்றுவிட்டு, “உப்பு கம்மி” என்றார்.)

9

எலுமிச்சை சாதத்துக்கு உப்பு கம்மி என்று சொல்லத் தெரிந்தவர், அந்தக் கோழிக்கு எப்படி ஒன்பது போட்டார்? அதுவும் நிஜம் என்று சத்தியம் செய்யாத குறையாக?

எனக்குத் தெரியவில்லை. மூன்று பதில் சமைத்து வைத்திருக்கிறேன். உப்பு மட்டும் போட்டிருக்கிறேன்.

எண் 305. சமைத்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டார். அந்த முகத்துக்கு ஒன்பதுக்குக் கீழே போட அவருக்குக் கை வரவில்லை.

எண் 642. அந்தக் கோழிகளைக் குஞ்சாகக் கையில் வாங்கி, நாற்பத்திரண்டு நாள் தீவனம் வைத்தவர் அவர். மற்றவர்களுக்கு அது வெறும் கறி. அவர் நாக்கில் அது வேறு ருசி. உண்மையாகவே ஒன்பது.

எண் 918. தான் போட்ட மசாலாவால் ஒரு வாரம் வீணானதற்கு ஈடாகத் தன்னால் முடிந்ததைப் போட்டார்.

ஹம்சினியின் நம்பர் என் போனில் இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவாள். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. பெட்டிகளையெல்லாம் எழுத்தாக்கி, யாரையும் கேட்காமல் அந்தக் கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டேன். கெட்டி அட்டைப் பிரதிகளை வாங்க வந்தவள் நன்றியுரைப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மாற்றச் சொல்லவில்லை.

இனி உங்கள் முறை. மூன்று எண்களையும் ருசி பாருங்கள். நடுநடுவே ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். பிடித்ததற்கு மதிப்பெண் போடுங்கள். மூன்றும் மட்டம் என்றால் நான்காவதாக ஒன்றை நீங்களே சமையுங்கள். நிஜத்தை எழுதுங்கள், என் மனசு கோணாது.

விதிப்படி சமைத்தவன் முகத்தை நீங்கள் பார்க்கக் கூடாது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். திரைக்கு அடியில் படிவத்தைத் தள்ளிவிட்டுப் போங்கள். போகிற போக்கில் புடவையைத் தூக்கி எட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், பாருங்கள். நான் தடுக்க மாட்டேன்.